மாறி மாறாது, கண்ணா

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய எக்ஸ்எஸ்எல்டி (XSLT, எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி) ஸ்டைல்ஷீட்டை மறுபடியும் திறந்து பார்த்தேன். அனுப்பி மூன்று வாரமாகிறது. நான் ஒரே வரியில் பதில் போட்டேன், அதன்பின் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகமாயிருக்கும். அக்காவிடம் பேசியிருக்கிறாய் என்று தெரிந்தது, சந்தோஷம். அதில் எல்லா வரிகளின் மொத்தத் தொகை ஏன் பூஜ்யமாக வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எல்லா டெம்ப்ளேட்டுக்கும் (மாற்றும் விதியை எழுதும் பகுதி) வெளியே, மேலே, 'மொத்தம்' என்று ஒரு மாறி (வேரியபிள்) வைத்து 0 போட்டிருக்கிறாய். ஒவ்வொரு வரியாகச் சுற்றிவரும் ஃபார்-ஈச்சுக்குள் அதே பெயரில் இன்னொன்று: பழைய மொத்தத்தோடு இந்த வரியின் தொகையைக் கூட்டு என்று. நீ பழகிய மொழிகளில் இது சரி. எக்ஸ்எஸ்எல்டியில் உள்ளே இருப்பது வேறு மாறி. ஒவ்வொரு சுற்றிலும் மேலே உள்ள 0-வோடு அந்த ஒரு வரியை மட்டும் கூட்டிக்கொண்டு புதிதாகப் பிறக்கிறது, சுற்று முடிந்ததும் போய்விடுகிறது. ஃபார்-ஈச் மூடிய பிறகு நீ எடுத்தது மேலே கிடக்கும் 0-வைத்தான்.

பிழைச் செய்தி வராததுதான் உன்னை அலைக்கழித்திருக்கும். பொது மாறியின் பெயரை டெம்ப்ளேட்டுக்குள் இன்னொரு மாறி மறைப்பதை விதி அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே டெம்ப்ளேட்டுக்குள் இருந்திருந்தால் எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பின் விதிப்படி அது பிழை. 2.0-இல் அதற்கும் அனுமதி உண்டு. அதனால் முதலில் ஸ்டைல்ஷீட்டின் தலைப்பில் எந்தப் பதிப்பு என்று பார். எப்போதும் அதை முதலில் பார்.

உன் வேலைக்கு மாறியே தேவையில்லை. 'சம்' ஃபங்ஷனுக்குள் எல்லா வரிகளின் தொகைக்கும் பாதையைக் கொடு, முடிந்தது. ஒரு தொகை காலியாக இருந்தாலும் 1.0-இல் மொத்தமே 'என்ஏஎன்' (NaN, 'எண் அல்ல' என்ற மதிப்பு) ஆகிவிடும். 'தனக்குத்தானே சமமாக இருக்கும் எண்' என்று ஒரு நிபந்தனை போட்டு வடிகட்டு. என்ஏஎன் தனக்கே சமமில்லை, அதனால் அது தானே கழன்றுவிடும். விலையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டுமென்றால் 1.0-இன் 'சம்' போதாது. 2.0-இல் பாதையின் கடைசிப் படியாக அடைப்புக்குறிக்குள் பெருக்கலையே எழுதலாம்.

ஒவ்வொரு வரியிலும் அதுவரை உள்ள மொத்தம் வேண்டுமென்றால்தான் தன்னையே அழைக்கும் டெம்ப்ளேட். இரண்டு பாரம் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு): மீதியுள்ள வரிகள், இதுவரை மொத்தம். மீதி காலியானால் நிறுத்து. அந்த நிறுத்தும் நிபந்தனையை முதலில் எழுது, பிறகு மற்றதை. ஸ்டைல்ஷீட்டை ஓட்டும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் (xsltproc) கருவியில், டெம்ப்ளேட் ஒன்றுக்குள் ஒன்றாக அழைக்கும் ஆழத்துக்கு இயல்பான வரம்பு 3000. உன் கோப்பில் அதைவிட அதிக வரிகள் இருந்தால் பாதி வழியில் நின்றுவிடும். 2017-இல் வந்த 3.0 கிடைத்தால் 'இட்டரேட்' எலிமென்ட்டைப் பயன்படுத்து. ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கைமாற்றவே அது வந்தது.

அடுத்தது, நீ இன்னும் கவனிக்காத ஒன்று. 'எத்தனையாவது' என்ற மாறிக்கு 2-ஐத் தொடக்க டேகுக்கும் முடிவு டேகுக்கும் நடுவே எழுதியிருக்கிறாய். 1.0-இல் அது எண் அல்ல, ஒரு மரத்துண்டு (தற்காலிகமாக உருவாகும் சிறு எக்ஸ்எம்எல் மரம்). அதைச் சதுர அடைப்புக்குள் வைத்தால் இரண்டாவது வரி வராது. மரத்துண்டு எப்போதும் உண்மை என்றே கணக்கு, ஆகவே எல்லா வரியும் தேர்வாகும். 1999-இல் வந்த 1.0 விவரக்குறிப்பே இந்தத் தவறை எடுத்துக்காட்டி எச்சரிக்கிறது, நீ மட்டும் செய்கிற தவறில்லை. மாறி டேகிலேயே மதிப்பைத் தரும் பண்புதான் செலக்ட். செலக்ட்டில் எழுது. மரத்துண்டுக்குள் பாதை போட்டு இறங்கவும் 1.0 விடாது, அதற்கு 'நோட்-செட்' என்ற நீட்டிப்பு ஃபங்ஷன் வேண்டும்.

செலக்ட்டில் எழுதும்போது சொல்லை வெளி மேற்கோளோடு விட்டுவிடாதே. உள்ளே ஒற்றை மேற்கோளும் போடு. போடாவிட்டால் அந்தப் பெயரில் எலிமென்ட் தேடும், கிடைக்காது, சத்தமில்லாமல் வெற்று மதிப்பு வரும். சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போட்டுத் தேட வைக்கும் தவறு இதுதான். நேரத்துக்குச் சாப்பிடு.

'இஃப்' எலிமென்ட்டுக்குள் வைத்த மாறி வெளியே தெரியாது. மாறியை வெளியே வைத்து, பல நிபந்தனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 'சூஸ்' எலிமென்ட்டை அதனுள் போடு. இப்படிப்பட்ட இடத்தில் 1.0-இல் செலக்ட் உதவாது. அப்படிச் செய்த மாறி காலியா என்று சோதிக்கும்போது வெறும் பெயரை எழுதாதே, வெற்றுச் சொல்லோடு ஒப்பிடு. காரணம் மேலே சொன்னதுதான், மரத்துண்டு எப்போதும் உண்மை. மற்ற இடங்களில் முடிந்தவரை செலக்ட்டில் எழுது.

உன் டெம்ப்ளேட் பிரிப்பு அழகாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக நான் எழுதியதில்லை. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 'அடிப்படையே தெரியாமல் ஏன் தொட்டாய்' என்று எழுதினேன். அந்த அடிப்படையை உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான் கண்ணா. மாறி என்றால் பெட்டி, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்று மஞ்சள் நோட்டில் பெட்டி வரைந்து காட்டினேன். நீ அதை அப்படியே நம்பினாய். இங்கே பெட்டி கிடையாது. ஒரு மதிப்புக்குப் பெயர் வைக்கிறோம், வைத்தால் வைத்ததுதான். 'மாறி' என்ற தமிழ்ப் பெயரும் உன்னைத் திசைதிருப்பியிருக்கும், அதைச் சொல்லி எச்சரிக்கவும் நான் நினைக்கவில்லை. என் பிழைக்கு உன்னைத் திட்டினேன். அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

திருத்திய கோப்பை அனுப்பு. திருத்தாவிட்டாலும் அனுப்பு.

அம்மா

பின்குறிப்பு: மாதத்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்றாயே, அதற்கு வேரியபிள் இல்லை, மேல்மட்டத்தில் பாரம். எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில் 'ஸ்ட்ரிங்பாரம்' என்று கொடு. வெறும் 'பாரம்' என்று கொடுத்தால் மதிப்பை எக்ஸ்பாத்தாக (கோப்புக்குள் தேடும் பாதையாக) எடுத்துக்கொள்ளும், மேற்கோள் இல்லாவிட்டால் மறுபடியும் வெற்றுதான். டெம்ப்ளேட்டை அழைக்கும்போது பாரத்தின் எழுத்தைச் சரிபார். 1.0-இல் பெயர் பொருந்தாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும்.