பெற்றோர் கட்டத்தைக் காலியாக விடுங்கள்

யூட்டா முன்னோடிப் பெண்களின் வம்ச மரங்களை இணையத்தில் சேர்ந்து எழுதிவரும் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

1847 முதல் 1869இல் ரயில் பாதை இணையும்வரை, மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து, லிவர்பூலில் கப்பலேறி, மாட்டு வண்டியோடு நடந்தோ கைவண்டி இழுத்தோ அமெரிக்காவின் யூட்டா போய்ச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண்கள் ஏராளம். அவர்களில் மேரிகளும் ஆன்களும் எலிசபெத்துகளும் கணக்கற்றவர்கள். பெயரும் மாவட்டமும் ஏறக்குறைய வயதும் பொருந்தும் ஒரு திருமுழுக்குப் பதிவு கண்ணில் பட்டதும் அதிலுள்ள தாய் தகப்பனை இணைத்துவிடுகிறீர்கள். ஒருவர் இணைத்ததைப் பத்துப் பேர் நகலெடுக்கிறார்கள். அப்புறம் அந்தப் பத்து மரங்களே சான்றாகிவிடுகின்றன. இதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1856இல் தார்ன்டன் அல்லது ஹொரைசன் கப்பலில் வந்து, வில்லி அல்லது மார்ட்டின் கைவண்டிக் குழுவில் நடந்த இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறப்பு 1831 வாக்கில். இங்கிலாந்தில் அரசுப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலை 1 அன்றுதான். ஆகவே அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பங்கு (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஆலயத்தின் திருமுழுக்கு ஏடுதான் கதி. எந்தப் பங்கு என்று தெரியாமல் அதைத் திறப்பதில் பயனில்லை.

பங்கைக் கண்டுபிடிக்க யூட்டாவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அங்கே மாநில அளவிலான இறப்புப் பதிவு 1905இல் தொடங்கியது. அதில் பெற்றோர் பெயரைச் சொன்னவர் பெரும்பாலும் மகனோ மருமகளோ. தாங்கள் பார்த்தே இராத தாத்தா பாட்டியின் பெயரைக் காதால் கேட்டபடி சொன்னவர்கள். அது துப்பு மட்டுமே. துறைமுகச் சுங்கப் பட்டியல் ‘இங்கிலாந்து’ என்பதோடு நின்றுவிடும். லிவர்பூலில் மோர்மன் சபையின் மிஷன் (மதப்பரப்பு அலுவலகம்) எழுதிய கப்பல் பட்டியலில்தான் வயது, தொழில், கடைசி முகவரி இருக்கும். அந்த முகவரியை வைத்து 1851 மார்ச் 30 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடுங்கள். பிறந்த பங்கின் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டது அதில்தான். 1841 கணக்கெடுப்பை நம்பி வயதைக் கணக்கிட வேண்டாம்: பதினைந்துக்கு மேற்பட்ட வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 24 வயதுக்காரர் 20 ஆகிவிடுவார். பிறந்த இடம் கேட்டால், இதே மாவட்டமா இல்லையா என்பது மட்டுமே.

‘பர்மிங்காம்’ என்று எழுதியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இன்று அந்நகரத்துக்குள் இருக்கும் ஹார்போர்ன் அன்று ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருந்தது, கிங்ஸ் நார்ட்டன் வூஸ்டர்ஷயரில். பர்மிங்காம் இருந்த வார்விக்ஷயர் மாவட்டத்தின் ஏடுகளை மட்டும் புரட்டினால் ஆள் அகப்படமாட்டார்.

அவர் இங்கிலாந்திலேயே 1837க்குப் பிறகு மணம் முடித்திருந்தால் நல்ல காலம். திருமணச் சான்றிதழில் தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். 1813 முதல் திருமுழுக்குப் படிவத்திலும் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் உண்டு. இரண்டிலும் ‘ஆணி செய்பவர்’ என்று வந்தால் பிடி கிடைத்தது. ஆனால் மணப்பெண் விதவையா என்று பாருங்கள். விதவையென்றால் அவர் பெயரோடு இருப்பது முதல் கணவரின் குடும்பப் பெயர். தகப்பன் பெயர் அறியாதவர்கள் வளர்ப்புத் தந்தையை எழுதியதும் உண்டு. யூட்டாவில் மணந்திருந்தால் இந்தத் துணையும் இல்லை. அங்கே அரசுத் திருமண உரிமம் 1887இல்தான் வந்தது. அப்போது இங்கிலாந்தில் இருந்த மோர்மன் கிளைச் சபையின் உறுப்பினர் ஏட்டுக்குப் போகவேண்டும். அதிலுள்ள திருமுழுக்குத் தேதி மதம் மாறிய தேதி. அதைப் பிறப்பென்று பதிந்த மரங்கள் நிறைய.

தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கு, 1837க்குப் பின் பிறந்த தம்பி தங்கைகளைத் தேடுங்கள். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் அவர்களுடைய பிறப்போடு அந்தப் பெயரும் இருக்கிறது. பழைய காலாண்டு அட்டவணையில் 1911க்கு முன் அது கிடையாது.

எல்லாம் பொருந்திய பிறகும் ஒரு சோதனை பாக்கி. திருமுழுக்கு ஏட்டில் கண்ட அந்தக் குழந்தை அதே பங்கில் அடக்கம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். 1813 முதல் அடக்க ஏட்டில் வயது உண்டு. இரண்டு வயதில் புதைக்கப்பட்ட குழந்தையை யூட்டாவில் எழுபது வயதுவரை வாழவைத்த மரங்கள் இருக்கின்றன. அந்தக் குழந்தைக்கும் அது அநீதி.

எனவே உங்களிடம் கேட்பது மூன்று. தொழில், பங்கு, உடன்பிறந்தார் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாதவரை பெற்றோர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இணைக்கும்போது எந்த ஏடு, எந்தப் பக்கம், ஏன் இவர்தான் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒதுக்கிய அதே பெயர்க்காரர்களையும் காரணத்தோடு குறித்துவையுங்கள். அடுத்து வருபவர் அதே ஏட்டை மறுபடி புரட்ட வேண்டியிராது.

அன்புடன்,
உங்களோடு இதே ஏடுகளைப் புரட்டுவோர்