ரோபோ கோடு போட்ட கதை

மாப்ள,

ஏழு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டி முடித்திருப்பாய், சரி, மேலே படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தூக்குக்குண்டு சாரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் எங்கள் ஜூரோங் சைட்டில் மார்க்கிங் போட ஒரு ரோபோ வந்திருக்கிறது. சிரிக்காதே. சக்கரம் வைத்த பிரிண்டர்தான். ஹெச்பி கூட 2022-ல் இப்படி ஒன்றை அறிவித்தது. டிராயிங் ஃபைலை ஏற்றிவிட்டால் ஸ்லாப் மேல் ஊர்ந்துபோய்ச் சுவர், கதவு, டக்ட் எல்லாவற்றையும் மையில் வரைந்து பக்கத்தில் பெயரும் எழுதுகிறது. முக்காலியில் நிற்கும் டோட்டல் ஸ்டேஷன், அதாவது தூரமும் கோணமும் அளக்கும் கருவி, ரோபோவின் தலையில் இருக்கும் பிரிசக் கண்ணாடியை விடாமல் பின்தொடர்ந்து ரோபோவுக்கு இடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீ கருவிக்குப் பின்னால் நின்று "இடது, இடது, அட மாடே, இடது" என்று வாக்கி டாக்கியில் கத்துவாயே, அந்த வேலை போயே போச்சு.

ஐந்து பேர் டேப்பும் நூலுமாக மூன்று நாள் குனிந்து போடும் தளத்தை ஒன்றரை நாளில் முடித்தது. அதில் அரை நாள் தரை கூட்டவே போனது. ஈரமும் தூசியும் இருந்தால் மை பிடிக்காது. நடுவில் சாரக் குழாய் அடுக்கி வைத்திருந்தால் டோட்டல் ஸ்டேஷனுக்குப் பார்வை மறைந்து ரோபோ நின்றுவிடும். பத்து வருடமாக நான் கெஞ்சியும் நகராத சாமானெல்லாம் இதற்காக ஒரே காலையில் நகர்ந்தது. மிச்சமான நேரத்தில் பாதி அதனால்தான் என்பேன், மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏழாவது மாடியில் மானம் போனது. டாய்லெட் சுவரை 150 மில்லிமீட்டர் தள்ளிப் புது ரிவிஷன் வந்திருந்தது. நான் ஏற்றியது பழைய ஃபைல். அது பாட்டுக்கு மில்லிமீட்டர் சுத்தமாகத் தப்பான கோட்டைப் போட்டு முடித்துவிட்டது. கையால் போட்டிருந்தால் ரெண்டாவது சுவரிலேயே யாராவது டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்டிருப்பார்கள். டீ டம்ளரோடு அந்தப் பக்கம் போன அறந்தாங்கி அண்ணன்தான் நின்று பார்த்து, "தம்பி, பைப் ஸ்லீவ் சுவத்துக்கு வெளிய நிக்குதே" என்றார். குழாய் போக ஸ்லாபில் பதித்து வைத்த துண்டு அது, சுவருக்குள் வர வேண்டியது. ராத்திரி பதினொன்று வரை கிரைண்டர் வைத்து மையைத் தேய்த்தோம்.

இதை நான் சிரிப்புக் கதையாகத்தான் எழுத ஆரம்பித்தேன். அடுத்த மாடிக்கு மார்க்கிங் ஆட்கள் ஐந்து பேர் இல்லை, இரண்டு பேர். தப்பு விட்ட என் பெயர் பட்டியலில் இருக்கிறது, கண்டுபிடித்த அண்ணன் பெயர் இல்லை. அவரை ரோபோவுக்கு முன்னால் தரை கூட்டப் போட்டிருக்கிறார்கள். மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி என்று நூல் பிடித்து எனக்கு மூலைமட்டம் காட்டிக் கொடுத்த மனுஷன். ஒரு வார்த்தை பேசவில்லை, நன்றாகக் கூட்டுகிறார். என்னால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். உன் காரைக்குடி வேலைக்கு மட்டம் பார்க்க நம்பிக்கையான ஆள் இல்லை என்று புலம்பினாயே, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா. சம்பளத்தில் உன் கஞ்சத்தனத்தைக் காட்டாதே. முக்கியமாக, நான் சொல்லி வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உன்,
அரைமட்டம்