‘கேரவன்’ பிறந்த ஆண்டு 2010 அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுங்கட்டுரை இதழியலைப் பற்றித் தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெல்லியிலிருந்து வெளிவரும் ‘தி கேரவன்’ என்ற ஆங்கில மாத இதழை அது மனமாரப் பாராட்டியிருந்தது. எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால், அமெரிக்க இதழ்களை முன்மாதிரியாகக் கொண்டு 2010-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட இதழ் என்று அதில் எழுதியிருப்பது பாதி உண்மைதான்.

‘கேரவன்’ 1940-இல் விஷ்வநாத் என்பவரால் தொடங்கப்பட்டது. ‘டெல்லி பிரஸ்’ நிறுவனத்தின் முதல் இதழே அதுதான். 1988-இல் நின்றுபோயிற்று. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அவருடைய பேரன் அனந்த் நாத் அமெரிக்காவில் படித்துத் திரும்பியபின் பாட்டனாரின் இதழுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 2010 ஜனவரி முதல் அது நெடுங்கட்டுரைகளுக்கான மாத இதழாக வருகிறது.

என் தந்தையார் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில், அந்துருண்டைகளுக்கு நடுவே, 1962-ஆம் ஆண்டின் ‘கேரவன்’ இதழ் ஒன்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அட்டையின் ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. தைத்த கம்பி துருவேறித் தாளில் பழுப்புக் கறையாகப் பதிந்திருக்கிறது. புரியாத ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் அப்பா பக்க ஓரத்தில் பென்சிலால் பொடியாகத் தமிழில் பொருள் எழுதியிருக்கிறார். அப்படி எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்ட இதழுக்கு முன்வரலாறே இல்லை என்று அச்சில் கண்டபோது, இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் இது வெறும் ஆண்டுக் கணக்குத் தகராறு அன்று. ஒரு நிருபரை ஒரே செய்தியின் பின்னால் மாதக்கணக்கில் அலையவிட்டு, அவர் எழுதியதை வரிவரியாகச் சரிபார்த்து, பதினைந்து இருபது பக்கங்களுக்கு வெளியிடுவதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. ‘கேரவன்’ பிறந்த அதே வீட்டிலிருந்துதான் ‘சரிதா’, ‘கிருகஷோபா’, ‘சம்பக்’ ஆகியவையும் வருகின்றன. ‘கிருகஷோபா’வும் ‘சம்பக்’கும் தமிழிலும் வந்திருக்கின்றன; என் மனைவி சமையல் குறிப்புக்காக ஒன்றையும், பேத்தி முயல் கதைக்காக மற்றொன்றையும் வாங்கியதுண்டு. பெண்களும் குழந்தைகளும் வாங்கும் இதழ்களால் நிலைபெற்ற நிறுவனம் பின்னால் இல்லாவிட்டால் இப்படியொரு இதழ் முதல் வழக்கிலேயே மூடப்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

வழக்கு என்றதும் 2011 நினைவுக்கு வருகிறது. ஒரு தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் தலைவரைப் பற்றி அவ்வாண்டு ‘கேரவன்’ வெளியிட்ட கட்டுரைக்காக 50 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குத் தொடரப்பட்டது. இதழும் டெல்லியில், கல்வி நிறுவனமும் டெல்லியில். வழக்கோ அசாம் மாநிலம் சில்சார் நீதிமன்றத்தில்! நம் ஊர்க்காரர் இருவருக்குள் வாய்க்கால் தகராறு என்றால் ராமேசுவரத்தில் பிராது கொடுப்பதுபோல. அந்தக் கட்டுரைக்கு விதிக்கப்பட்ட தடை, வழக்கு டெல்லிக்கு மாற்றப்பட்டு, 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கும்வரை நீடித்தது. 2021-இல் விவசாயிகளின் டிராக்டர் பேரணி தொடர்பாக ‘கேரவன்’ ஆசிரியர்கள்மீது பதிவான வழக்குகளும், ஜம்மு-காஷ்மீரின் பூஞ்ச் பகுதியில் ராணுவத்தினர்மீது எழுந்த சித்திரவதைப் புகார் குறித்த அதன் கட்டுரையை இணையத்திலிருந்து 24 மணி நேரத்தில் நீக்குமாறு 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு இட்ட ஆணையும் தங்கள் வாசகர்கள் அறிந்தவைதாம்.

இவ்விதழின் எல்லா முடிவுகளையும் நான் ஏற்பவன் அல்லன். சில கட்டுரைகள் நீளத்துக்காகவே நீட்டப்பட்டவை என்று சலித்துக்கொண்டதும் உண்டு. ஆயினும், இதே நெல்லையிலிருந்து எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் 1954-இல் தொடங்கிய ‘சாந்தி’ மாத இதழ் ஓரிரு ஆண்டுகளில் நின்றுபோனதை எண்ணும்போது, எழுத்தில் ‘சாந்தி’ குறைந்ததன்று, அதைத் தாங்க ஒரு ‘சம்பக்’ அதற்கு இல்லை என்றே தோன்றுகிறது.

தமிழில் இத்தகைய இதழ் வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். வேண்டும்தான். ஆனால் எழுதக் கூடியவர்களைப் பட்டியலிடும் முன், அச்சுக்கூலியையும் வக்கீல் கட்டணத்தையும் யார் கொடுப்பது என்பதையும் அவர் அடுத்த ஞாயிறு எழுத வேண்டுகிறேன். 1962 இதழின் அட்டை நகலை இத்துடன் இணைத்துள்ளேன். திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை