மதர்போட் வாங்கப் போகும் மகளுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

புதுக் கணினிக்கு வாங்க வேண்டிய பாகங்கள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். உன் கட்டட வரைபடங்களுக்கும் முப்பரிமாணப் படங்களுக்கும் ரைசன் 7 7700 புரொசசர் நல்ல தெரிவு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்குத் துணையாக, பாகங்களையெல்லாம் பூட்டும் பலகையாக எக்ஸ்670ஈ வகை மதர்போட் ஒன்றை எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. விலை கூடிய போட் என்றால் இடையில் நின்றுபோகாமல் ஓடும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் வேறு வசதிகளுக்குத்தான் போகிறது.

எக்ஸ்670ஈ போட்டில் இருப்பது, அதைவிட எளிய வகையான பி650 போட்டில் உள்ள அதே இணைப்புச் சிப்தான். ஒன்றுக்குப் பதிலாக இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். அதனால் யூஎஸ்பி, எஸ்எஸ்டி இணைப்பிடங்கள் கூடுகின்றன, கிராபிக்ஸ் காட்டுக்கும் பிசிஐஇ 5.0 என்ற வேகமான இணைப்பு கிடைக்கிறது. இரண்டு எஸ்எஸ்டியும் ஒரு கிராபிக்ஸ் காட்டும் மட்டும் பூட்டப்போகும் உனக்கு அவை வெறுமனே கிடக்கும். பி650 போதும்.

பி650 என்ற பெயரிலேயே நல்லதும் மோசமானதும் உண்டு என்பதால், புரொசசர் உட்காரும் சொக்கெட்டைச் சுற்றியுள்ள வீஆர்எம் பகுதியை நீயே பார்த்து வாங்க வேண்டும். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ற்றைப் புரொசசருக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ற்றுக்கு இறக்கிக் கொடுப்பது அந்தப் பகுதி. முப்பரிமாணப் படத்தை உருவாக்கும் ரெண்டர் மணிக்கணக்கில் ஓடும்போது அது அளவுக்கு மீறிச் சூடேறினால் புரொசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில வேளை கணினியே நின்றுவிடும். 7700 புரொசசர் 65 வாற்று வகையைச் சேர்ந்தது, முழு வேலையில்கூட 88 வாற்று அளவில் நிற்கும். அதற்கு எளிய போட்டே ஈடுகொடுக்கும். ஆனால் பிறகு நீ 16 கோர் புரொசசருக்கு மாறினால் 230 வாற்று வரை போகும். ஆகவே சொக்கெட்டின் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் சூட்டை வெளியேற்றும் கனமான உலோக ஹீட்சிங்க் பூட்டிய போட்டாக எடு. வெறும் பிளாஸ்ரிக் மூடியை ஹீட்சிங்க் என்று நம்பிவிடாதே. நிறவிளக்குகளைக் கணக்கிலேயே எடுக்காதே.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘சொலிட் கப்பாசிற்றர்’ என்ற வரிக்கும் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. 2000களின் தொடக்கத்தில் வந்த பல போட்களில் திரவம் நிரம்பிய கொள்ளளவிகள், அதாவது கப்பாசிற்றர்கள், தலை வீங்கி ஒழுகின. பாடசாலைக் கணினிக்கூடத்தில் அப்படி வீங்கியவற்றை நானே கழற்றி மாற்றியிருக்கிறேன். இப்போது மலிவான போட்டிலும் பெரும்பாலும் திண்மக் கொள்ளளவிகள்தான் வருகின்றன.

பிறகு புரொசசரை மாற்றலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தப் போட்களில் உள்ள ஏஎம்5 சொக்கெட். 2022இல் வந்த இந்தச் சொக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு உண்டு என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அறிவித்திருக்கிறது. 2024இல் வந்த ரைசன் 9000 வரிசையும், போட்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயோஸைப் புதுப்பித்தால் பி650 போட்டில் ஓடுகிறது. முந்திய ஏஎம்4 சொக்கெட்டில், 2017இல் வாங்கிய போட்கள் பலவற்றுக்கு 2022இலும் புதிய பயோஸ் கொடுத்து 5000 வரிசைப் புரொசசர்களை ஏற்கச் செய்தார்கள். போட் வாங்கியதும் பயோஸைப் புதுப்பிப்பது உன் முதல் வேலையாக இருக்கட்டும்: 2023 ஏப்ரலில் சில 7000 வரிசைப் புரொசசர்கள் சொக்கெட்டிலேயே கருகியபோது, புரொசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ற்றுக்குள் கட்டுப்படுத்தும் புதிய பயோஸ்தான் அதற்குத் தீர்வாக வந்தது. புரொசசர் இல்லாமலே பயோஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பின்புறத்தில் இருந்தால் அதற்குச் சற்றுக் கூடக் கொடுக்கலாம்.

றாமை நான்கு துண்டுகளாக எழுதியிருக்கிறாய். இரண்டாக மாற்று. இந்தப் புரொசசரில் இரண்டு டிடிஆர்5 றாம் துண்டுகளுக்கு 5200 வரையான வேகத்துக்கு உத்தரவாதம். நான்கு போட்டால் அது 3600ஆக இறங்கிவிடும். நீ எடுக்கும் றாமின் இலக்கம் போட் தயாரிப்பாளரின் பரிசோதனைப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் உள்ள யூனிற்றி பிளாசாவுக்குப் போகும்போது அவசரப்படாமல், பணம் கட்டுமுன் சொக்கெட் மூடியைத் திறந்து காட்டச் சொல். ஏஎம்5இல் ஊசிகள் போட்டில்தான் இருக்கின்றன, 1718 ஊசிகள். ஒன்று வளைந்திருந்தாலும் பிறகு உன் தலையில்தான் விழும். அந்த மூடியை எறிந்துவிடாதே, உத்தரவாதத்துக்குக் கொண்டுபோகும்போது கேட்பார்கள். கருகல், துரு, உடைவு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று பல கடைகளின் பற்றுச்சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். மார்கழியில் கணினியோடு இங்கே வந்து வேலை செய்யப்போகிறாய் என்பதால் இதைச் சொல்கிறேன்: வாடைக்காற்றுக் காலத்தில் கடற்பக்க அறையில் உலோகம் எதுவும் தப்பாது. உன் மேசையை உள்ளறைக்கு மாற்றும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். யூபிஎஸ் இங்கே இருக்கிறது, அங்கே வாங்காதே.

எல்லாம் பூட்டி முதன்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். போட் றாமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்து மின்னை நிறுத்திவிடாமல் பொறுத்திரு.

அன்புடன்,
அம்மா