கடிதம் படித்துக் காட்டிய வாத்தியாருக்கு

ஐயா, வணக்கம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தீர்கள், எழுத்து தெரியாத அப்பத்தாவுக்குத் தாத்தாவின் கடிதங்களைப் படித்துக் காட்டினீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாத்தாவும் உங்களைப் பார்த்ததில்லை. அவர் பட்டாளத்துக்குப் போன பிறகுதான் நீங்கள் ஊருக்கு வந்தீர்களாம்.

போன மாதம் வீடு மாறும்போது பிஸ்கட் டின்னில் அந்தக் கடிதங்கள் கிடைத்தன. நான்கே நான்கு, எல்லாம் 1941இல் மலாயாவிலிருந்து எழுதியவை. சில வரிகளைத் தணிக்கைக்காரர் கறுப்பு மையால் அடித்திருக்கிறார். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன நம் சிப்பாய்கள் இதற்குப் பயந்து தங்களைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் செம்மிளகு என்றும் ஜாடையாக எழுதிப் பார்த்தார்கள். தாத்தாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மூன்றாவது கடிதத்தில் மாட்டை விற்காதே, வரப்பைத் தம்பியைப் பார்க்கச் சொல் என்று எழுதிக்கொண்டே வந்தவர் திடீரென்று, "படிக்கிறவர் கவனத்துக்கு. அடுத்த நாலு வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்" என்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை. பக்கத்துப் படுக்கைப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை. வீட்டில் சொல்லாதீர்கள். முகம் தெரியாத ஆளிடம்தான் அவருக்கு வாய் வந்திருக்கிறது. நான்காவது கடிதத்தில் பாதிக்கு மேல் உங்களுக்குத்தான்.

அப்புறம் சிங்கப்பூர் விழுந்தது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் நின்றார். இப்போது அதன் பக்கத்தில் அதே பெயரில் எம்ஆர்டி ரயில் நிலையம்; பெருமாள் கோயிலுக்கு நான் அதில்தான் இறங்குவேன். போர் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தீர்கள். பிறகு அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு இங்கேயே துறைமுக வேலைக்கு வந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூன்றாவது கடிதத்தை அப்பத்தா மனப்பாடமாகச் சொல்வார். "உன் கையால் வைத்த கருவாட்டுக் குழம்பு நாக்கிலேயே நிற்கிறது" என்று ஒரு வரி வரும்போது, எழுபது வயதிலும் வெட்கப்படுவார். நான்கு கடிதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எதிலும் குழம்பு இல்லை.

அந்த நாலு வரி இடத்தில் நீங்கள் போட்டதுதானே, ஐயா? படிக்க வந்த அன்று உங்களுக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருப்பாரோ?

இங்கே வந்த பிறகு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான். தாத்தாவுக்குக் கருவாட்டு வாடையே ஆகாது என்று அத்தை சொல்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவாராம்.