சுவரில் ஓர் ஆணி

ஆம்ஸ்டர்டாம்
நவம்பர் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். சாப்பிட்டேன், குளிர்கிறது. இந்த மாதக் கடைசியில் இங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. லீவு நாளில் அறையிலேயே அடைந்து கிடக்காதே என்று கூட வேலை செய்கிறவர் ரைக்ஸ்மியூசியம் என்கிற பெரிய ஓவிய அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஓவியம் பார்க்கிற ஆளா நான்? உள்ளே கதகதப்பாக இருக்குமே என்றுதான் போனேன்.

கூட்டம் முண்டியடிப்பது ரெம்பிரான்ட் 1642-இல் வரைந்து முடித்த 'இரவுக் காவல்' முன்னால். அகலம் மட்டும் நாலு மீட்டருக்கு மேல். பழுதுபார்ப்பதற்காகச் சுற்றிலும் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். படத்தில் இருப்பது இரவே இல்லையாம். மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போய் வந்த பெயராம். 1715-இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது சுவரில் இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். பீரோ நுழையவில்லை என்று மாமா அதன் காலை அறுத்தாரே, அதே கதை. பெரிய படம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு என்னவோ மனதில் ஒட்டவில்லை.

அப்புறம் பார்த்ததுதான் வெர்மீர் என்கிற டச்சு ஓவியரின் 'பால்காரி'. அரை மீட்டர்கூட இல்லை, நம் சாமி மாடத்து முருகர் படம் அளவுதான் இருக்கும். அடுப்பங்கரை வேலைக்காரி ஒருத்தி ஜன்னலோரம் நின்று சட்டியில் பால் ஊற்றுகிறாள், அவ்வளவுதான். காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் பாலில் ஊறவைத்துக் கஞ்சி போல ஏதோ செய்கிறாள் என்கிறார்கள். நீ பழைய சோற்றில் மோர் ஊற்றுகிற மாதிரி என்று வைத்துக்கொள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவள் பார்க்கிற பார்வையை விட்டு என்னால் நகர முடியவில்லை. அவள் ஏப்ரனின் நீலம் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த கல்லை அரைத்து எடுத்தது. அந்தக் காலத்தில் கொள்ளை விலை. அதைப் போய் ஒரு வேலைக்காரியின் துணிக்குப் பூசியிருக்கிறார் பார்!

பாவம், 1675-இல் 43 வயதில் கடனோடு செத்துப்போனார். அவர் மனைவி ரொட்டிக்கடைப் பாக்கிக்கு இரண்டு ஓவியங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் பிடித்தது 1658-இல். இந்தப் படமும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில் வரைந்ததுதான். அங்கே கோட்டை, இங்கே பால்சட்டி.

உன்னிடம் சொல்ல நினைத்தது இதுதான். அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர், அதில் எதுவும் மாட்டாத ஓர் ஆணி, அதன் நிழல், பழைய ஆணிகள் பிடுங்கிய ஓட்டைகள். முதலில் அந்தச் சுவரில் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றை வரைய ஆரம்பித்துவிட்டு, பிறகு வேண்டாமென்று மூடிவிட்டாராம். 2022-இல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பலகை வேண்டாம், ஆணி மட்டும் வேண்டும் என்று நினைத்த ஆள்! நம் கூடத்தில் தாத்தா படம் இருந்த இடத்து ஆணி சட்டென்று கண்ணில் வந்து நின்றது. நண்பர் இரண்டு அறை தாண்டிப் போய்விட்டு, என்னைத் தேடித் திரும்பி வந்தார்.

பணம் ஒன்றாம் தேதி அனுப்புகிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால் அந்த ஆணியைப் பிடுங்க விடாதே.

அன்புடன்,
உன் மகன்