பம்போடு சேர்த்து நடையையும் எழுதிக் கொடுங்கள்

வன்னியின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், கிளினிக்குகளில் நாள் முழுக்க நோயாளரைப் பார்க்கும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகைத்தவர் அல்ல. நாற்பது வருடத்துக்கு மேலாக விறகடுப்புக்கு முன்னால் இருந்தவர். இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைத்தவர். மாதாமாதம் கிளினிக் போகிறார். மூச்சுக்கு இழுக்கும் பம்பும் மாத்திரையும் ஒழுங்காகக் கிடைக்கின்றன, அதற்கு நன்றி.

ஆனால் முதல் கிளினிக்கிலேயே ஒருவர், "இனிப் பாரமான வேலை ஒண்டும் செய்யாதேங்கோ அம்மா, வீட்டில ஓய்வா இருங்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். முதலில் குளக்கட்டுப் பக்கம் போவது நின்றது, அப்புறம் சந்தை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு வைகாசியும் தவறாதவர், "நடுவழியில மூச்சு முட்டினா சனம் பாக்கும்" என்று அதையும் விட்டார். கடைசியில் படலைக்குக்கூட வருவதில்லை. இரவில் நித்திரை இல்லை. "நான் உங்களுக்குப் பாரம்" என்று சொல்லத் தொடங்கியது அப்போதுதான். கிளினிக் கொப்பியில் இது எதுவும் இல்லை, யாரும் கேட்கவில்லை.

இளைக்கும் என்ற பயத்தில் அசையாமல் இருந்தால் கால் தசை மெலிகிறது. மெலிந்த காலோடு நாலடி வைத்தாலே முன்னைவிடச் சீக்கிரம் இளைக்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகும்போது காற்று முழுதாக வெளியேறாமல் நெஞ்சுக்குள் தேங்குகிறது, பயம் இன்னும் கூடுகிறது. பம்பு மூச்சுக்குழாயை விரிக்கும். காலுக்குப் பலம் தராது.

இதற்கு, நடையும் உடற்பயிற்சியும் மூச்சுவிடும் முறையும் சொல்லிக்கொடுக்கும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு நாள், 6 முதல் 8 வாரம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று 2015இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூச்சிளைப்பும் களைப்பும் குறைகின்றன, மனநிலை தேறுகிறது, நோயைச் சமாளிக்கலாம் என்ற தைரியம் வருகிறது என்பதுதான் அதன் முடிவு.

அம்மாவிலும் அதைக் கண்டேன். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோ செய்யும் பிள்ளை ஒருவர், "அம்மா, ஊதுகுழல் ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு மெல்ல விடுங்கோ" என்று காட்டிக்கொடுத்தார். அம்மா சிரித்துவிட்டார். எத்தனை வருடம் அடுப்பு ஊதிய வாய்! அன்றிலிருந்து வளவுக்குள் வேலியைப் பிடித்தபடி நடக்கிறார். பாதி வழியில் ஒரு கதிரை. இளைத்தால் இருந்து, மெல்ல ஊதி, திரும்ப எழும்புவார். இப்போது படலை தாண்டி மூன்றாவது லைட் போஸ்ட் வரை போகிறார். போன கிழமை, பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன்.

வாரத்தில் இரண்டு முறை அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர எங்களால் முடியாது. பயிற்சியை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவாருங்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் நடைச் சோதனைக்கு 30 மீற்றர் விறாந்தை போதும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும், சொல்லிக்கொடுக்க ஒருவரும் வேண்டும். யாருக்கு எவ்வளவு நடை, யாருக்கு இப்போது கூடாது என்பதை நீங்கள் பார்த்துத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் "நித்திரை வருகுதோ, மனம் எப்படி" என்றும் கேளுங்கள்.

வருகிற வைகாசிக்கு முன் ஓர் இடத்திலாவது தொடங்குங்கள். கதிரைகளைச் சனசமூக நிலையத்திலிருந்து நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு மகள்